பதினொன்றாம் வகுப்புக்கு ஒரு கால அட்டவணை



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வரும் கோடை நாட்களில் நம் சங்கக் கூடத்தில் ஒரே பேச்சுத்தான். "உங்க பையன் எவ்வளவு? என்ன குரூப் எடுக்கிறான்? எந்தக் கோச்சிங்?" கச்சேரி ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்கும், பின்வரிசையில் இந்த ஆலோசனை நடந்துகொண்டிருக்கும். டில்லியில் நல்ல பெயர் உள்ள பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பு சயன்ஸ் பிரிவுக்கு இடம் குறைவு. மார்க் வரம்பு வைத்துத்தான் எடுக்கிறார்கள். இடம் கிடைத்துவிட்டால் பெற்றோருக்கு ஊரையே ஜெயித்த மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியில் பள்ளி ஒரு படிவத்தை நீட்டுகிறது. ஐந்து பாடங்களுக்கு ஐந்து கட்டங்கள். விரும்பினால் ஆறாவதாக ஒன்று. ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்க நாலு கடை ஏறி இறங்கி விலை விசாரிக்கும் நம்மவர்கள், இந்தப் படிவத்தை ஒரே இரவில் நிரப்பிக் கொடுத்துவிடுகிறார்கள்.

அந்தப் படிவம் சேர்க்கைக்கான வெறும் காகிதம் இல்லை. ஒரு பிள்ளையின் இரண்டு ஆண்டுகளுக்கான கால அட்டவணை. நம்மவர்கள் அதைப் போடும்போது பாடங்களைப் பார்க்கிறார்கள், கோச்சிங் நேரத்தைப் பார்க்கிறார்கள், நுழைவுத் தேர்வுத் தேதியைப் பார்க்கிறார்கள். இடைவெளி வைக்க மட்டும் மறந்துவிடுகிறார்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இதைச் சொல்ல இவர் யார் என்று சிலர் கேட்கலாம். நான் கல்வியாளன் அல்ல. சிவில் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளப் பராமரிப்பில் முப்பத்தொன்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவன். அன்று எங்களைப் பி.டபிள்யூ.ஐ. என்பார்கள், பிறகு செக்ஷன் இன்ஜினீயர் என்று பெயர் மாற்றினார்கள். எனக்கு ரேங்க் வாங்கத் தெரியாது. ஆனால் கால அட்டவணை எதனால் உடைகிறது என்று தெரியும்.

ரயில்வே சொல்லித் தரும் பாடம்

பயணிகள் கையில் இருக்கும் டைம் டேபிளைத்தான் பலரும் பார்த்திருப்பார்கள். ரயில்வே ஊழியர்களுக்கு ஒர்க்கிங் டைம் டேபிள் என்று தனியாக ஒன்று உண்டு. அதில் ஒரு வண்டி இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே முழு வேகத்தில் ஓட எத்தனை நிமிடம் ஆகும் என்று கணக்கிட்டு, அதோடு நிற்க மாட்டார்கள். தண்டவாளத்தில் வேலை நடந்து வேகக் கட்டுப்பாடு இருந்தால் என்ன செய்வது என்று சில நிமிடங்கள் சேர்ப்பார்கள். அதற்கு இன்ஜினீயரிங் அலவன்ஸ் என்று பெயர். தாமதமான வண்டி நேரத்தைப் பிடிக்க இன்னும் சில நிமிடங்கள் தனியாக இருக்கும். இவை போக, எந்த வண்டியும் ஓடாமல் தடத்தைப் பராமரிப்புக்காரர்களிடம் விட்டுவிடும் நேரத்துக்கு பிளாக் என்று பெயர்.

பிளாக் கேட்டால் கண்ட்ரோல் ரூமில் இருப்பவர்களுக்குக் கசக்கும். "சார், வண்டி வரிசையா நிக்குது, இன்னிக்கு வேண்டாம்" என்பார்கள். இன்று வேண்டாம், நாளை வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே போனால் ஒரு நாள் தண்டவாளமே பிளாக் கேட்கும். விரிசல் விடும். அப்போது இரண்டு மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலைக்கு இரண்டு நாள் போக்குவரத்து நின்றுவிடும். சும்மா கிடப்பது போலத் தெரியும் அந்த இரண்டு மணி நேரம்தான் மற்ற இருபத்திரண்டு மணி நேரத்தையும் ஓட வைக்கிறது.

இப்போது நம் பிள்ளையின் ஒரு நாளைக் கணக்குப் போடுங்கள். பள்ளியும் போக வரவும் 8 மணி நேரம். கோச்சிங்கும் மெட்ரோப் பயணமும் 5 மணி. வீட்டுப் பாடமும் கோச்சிங் கொடுத்த தாளும் 3 மணி. சாப்பாடு, குளியல் எல்லாம் 2 மணி. மொத்தம் 18. மீதி 6 மணி நேரம் தூக்கம், அதுவும் படுத்தவுடன் தூக்கம் வந்தால். இதில் ஒரு நாள் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும்? ஒரு பாடம் புரியாமல் போய் மீண்டும் படிக்க வேண்டி வந்தால்? பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று ஊருக்குப் போய் வந்தால்? இந்த அட்டவணையில் மீட்சிக்கு ஒரு நிமிடம் கூட இல்லை. டிசம்பர் மூடுபனியில் டில்லிக்கு வரும் வண்டி போல, ஒரு முறை தாமதமானது கடைசி வரை தாமதம்தான்.

ஐந்து கட்டங்கள்

ஆகவே முதலில் பாடங்களைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேவையற்ற சுமையை ஆரம்பத்திலேயே ஏற்றாமல் இருப்பதுதான் முதல் இடைவெளி.

ஆங்கிலம், இயற்பியல், வேதியியல் மூன்றும் சயன்ஸ் பிரிவில் நிலையானவை. நான்காவதில்தான் கேள்வி ஆரம்பம்: கணிதமா, உயிரியலா? பல வீடுகளில் இரண்டையும் எழுதிவிடுகிறார்கள். "ரெண்டு கதவும் திறந்திருக்கட்டுமே" என்பது அவர்கள் வாதம். இரண்டிலும் உண்மையான ஆர்வம் உள்ள பிள்ளைக்கு அது நல்ல சேர்க்கைதான். ஆனால் பெற்றோருக்கு முடிவு எடுக்க முடியவில்லை என்பதற்காகப் பிள்ளை இரண்டு ஆண்டுகள் இரட்டைப் பாரம் இழுக்கக் கூடாது. பொறியியலுக்குப் போகிற பிள்ளைக்குக் கணிதம் போதும். உயிரியலை விட்டால் மருத்துவக் கதவு நிரந்தரமாக அடைபட்டுவிடும் என்ற பயமும் இனி வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களும் நீட் எழுதலாம் என்று 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது.

கணிதத்திலும் ஒரு எச்சரிக்கை. சி.பி.எஸ்.இ.யில் 2020-21 முதல் 'அப்ளைட் மேத்தமெடிக்ஸ்' என்று இன்னொரு பாடம் இருக்கிறது. வணிகம், பொருளாதாரம், சமூக அறிவியல் பக்கம் போகிறவர்களுக்காக வந்தது. பெயரைப் பார்த்து, இதுதான் இன்ஜினீயரிங்குக்கு உகந்தது போலிருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். பத்தாம் வகுப்பிலும் 2020 தேர்வு முதல் கணிதம் 'ஸ்டாண்டர்ட்', 'பேசிக்' என்று இரண்டு நிலைகளாக இருக்கிறது. சயன்ஸ் எண்ணம் இருந்தால் ஸ்டாண்டர்டில் நிற்பதே நல்லது. ஆக, அட்டவணை பதினொன்றாம் வகுப்பில் தொடங்கவில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது.

ஐந்தாவது கட்டம்தான் அதிகமாக அலட்சியப்படுத்தப்படுவது. "ஏதாவது மார்க் வர்ற சப்ஜெக்டாப் போடு" என்று விட்டுவிடுகிறார்கள். ஜே.இ.இ. ரேங்க் இருந்தால் மட்டும் ஐ.ஐ.டி.யிலோ என்.ஐ.டி.யிலோ சேர்ந்துவிட முடியாது. பன்னிரண்டாம் வகுப்பில் 75 சதவீதம் வேண்டும் (எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 65). இல்லாவிட்டால் தன் போர்டில் தேறியவர்களில் முதல் 20 பெர்சென்டைலுக்குள் இருக்க வேண்டும். ஐ.ஐ.டி. கணக்கில் இந்த 75 சதவீதத்துக்கு எடுத்துக்கொள்வது இயற்பியல், வேதியியல், கணிதம், ஒரு மொழி, இன்னும் ஒரு பாடம் என ஐந்து. அந்த 'இன்னும் ஒரு பாடம்'தான் நாம் அலட்சியமாக எழுதிய ஐந்தாவது கட்டம்.

கணினி ஆர்வம் இருந்தால் கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுக்கலாம். பைத்தான் மொழியில் புரோகிராம் எழுதக் கற்றுத் தருகிறார்கள். 70 மார்க் எழுத்துத் தேர்வு, 30 மார்க் செய்முறை. ஆர்வம் இல்லாத பிள்ளைக்கு, பக்கத்து வீட்டுப் பையன் எடுத்தான் என்பதற்காக இதை எழுத வேண்டாம். பொருளாதாரமோ உடற்கல்வியோ அவனுக்குப் பிடித்திருந்தால் அதுவே சரி. பிடித்த ஒரு பாடம் வாரத்துக்கு ஐந்து பீரியட் இளைப்பாறுதல் தரும். அதுவும் ஒரு பிளாக்தான்.

டம்மி பள்ளிக்கூடம்

இங்கேதான் எனக்கும் என் மாப்பிள்ளைக்கும் கருத்து வேறுபாடு. என் பேத்தி இப்போது பத்தாம் வகுப்பு. வரும் கோடையில் அந்தப் படிவம் எங்கள் வீட்டுக்கும் வரப் போகிறது. மாப்பிள்ளை நல்லவர், பொறுப்பானவர். மகள் மீது உயிரையே வைத்திருக்கிறார். அவர் சொன்னார்:

"மாமா, நீங்க போட்ட கணக்கிலேயே பாருங்க. ஸ்கூலுக்குத்தான் எட்டு மணி நேரம் போகுது. பேருக்கு ஒரு ஸ்கூல்ல சேர்த்துட்டு முழு நேரமும் கோச்சிங்ல விட்டா அவளுக்கு நிம்மதியா இருக்கும். எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

டில்லியில் 'டம்மி ஸ்கூல்' என்று சொல்வது இதைத்தான். பெயர் ஒரு பள்ளியில், பிள்ளை வேறு இடத்தில். நான் முதலில் சட்டத்தைச் சொன்னேன். போர்டுத் தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். 2024 செப்டம்பரில் சி.பி.எஸ்.இ. டில்லியிலும் ராஜஸ்தானிலும் பள்ளிகளில் திடீர்ச் சோதனை நடத்தி, அந்த நவம்பரில் 21 பள்ளிகளின் அங்கீகாரத்தையே ரத்து செய்தது. வகுப்புக்கு வராமல் டம்மி பள்ளிகளில் பெயர் மட்டும் பதிந்திருப்பவர்களைப் போர்டுத் தேர்வு எழுத விடமாட்டோம் என்று 2025 மார்ச்சில் எச்சரிக்கவும் செய்தது. பணம் கட்டியது பெற்றோர், ஏற்பாடு செய்தது நிறுவனம், வாசலில் நிறுத்தப்படப் போவது பிள்ளை.

மாப்பிள்ளை அசரவில்லை. "மாட்டாத ஸ்கூலும் இருக்கே மாமா" என்றார். இருக்கட்டும். மாட்டவே மாட்டாத பள்ளியாக இருந்தாலும் நான் வேண்டாம் என்பேன். காரணம், ஆய்வுக்கூடம்.

இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் 30 மார்க் செய்முறைக்கு. டம்மி பள்ளியில் அந்த முப்பதும் எப்படியோ வந்துவிடும் என்கிறார்கள். மார்க் வரும்; கை வராது. என் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். ரயில் பாதையின் வளைவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் பெரிய கருவி எதையும் தூக்கிக்கொண்டு போவதில்லை. 20 மீட்டர் நீள நூல் ஒன்றைத் தண்டவாளத்தின் உள்விளிம்பில் இரண்டு முனைகளிலும் பிடித்து, நடுவில் நூலுக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள இடைவெளியை அளப்போம். அதற்கு வெர்சைன் என்று பெயர். வளைவின் ஆரம் 875 மீட்டர் என்றால் அந்த இடைவெளி 57 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இது மந்திரம் இல்லை. பள்ளியில் படித்த வட்டமும் நாணும்தான். நூலின் பாதி 10 மீட்டர். பத்தைப் பத்தால் பெருக்கி, வளைவின் விட்டமான 1,750 ஆல் வகுத்தால் 0.057 மீட்டர். அவ்வளவுதான்.

சூத்திரம் மனப்பாடமாக வைத்திருந்த இளைஞர்கள் பலர் என்னிடம் வேலைக்கு வந்தார்கள். வெயிலில் நூலைப் பிடிக்கும்போது அது தொய்ந்தால் அளவு மாறும், காற்றடித்தால் மாறும், தண்டவாள விளிம்பு தேய்ந்திருந்தால் மாறும். 57 வர வேண்டிய இடத்தில் 64 வந்தால், தவறு நூலிலா, கையிலா, பாதையிலா என்று கேட்கத் தெரிந்தவர்கள் சிலர்தான். அந்தக் கேள்வியைப் பழக்குவது ஆய்வுக்கூடம். ஊசல் ஆட்டத்தை இருபது முறை எண்ணி, மூன்று முறை திரும்பச் செய்து, மூன்று விடையும் வேறு வேறாக வந்து விழிக்கிறானே, அந்த விழிப்புத்தான் விஞ்ஞானத்தின் ஆரம்பம். நான்கு விடைகளில் ஒன்றைக் கறுப்பாக்கும் பயிற்சியில் அது கிடைக்காது.

ரயில்வேயிலேயே இதற்கு ஒரு பழைய முன்மாதிரி உண்டு. பீகாரில் ஜமால்பூர் பணிமனையில் 1927-ல் தொடங்கிய ஸ்பெஷல் கிளாஸ் அப்ரென்டிஸ் திட்டம். பள்ளிப் படிப்பு முடித்த இளைஞர்களைக் கடுமையான போட்டித் தேர்வில் பொறுக்கியெடுத்து நான்கு ஆண்டுகள் பயிற்சி கொடுப்பார்கள். நாடு முழுவதிலிருந்தும் சில பேர்தான் தேறுவார்கள். அப்படிப் பொறுக்கியெடுத்த புத்திசாலிகளையும் பணிமனையில் இறக்கிக் கையில் அரத்தைக் கொடுத்து இரும்பைத் தேய்க்க வைத்தார்கள். இந்திய ரயில்வேயின் தலைசிறந்த மெக்கானிக்கல் பொறியாளர்கள் பலர் அப்படி வந்தவர்கள். அந்தத் திட்டம் 2010களின் நடுவில் நிறுத்தப்பட்டது. அதன் பாடம் நிற்க வேண்டியதில்லை.

கோட்டாவில் பார்த்தது

என் பணிக்காலத்தில் பல ஆண்டுகள் ராஜஸ்தானில் கோட்டா டிவிஷனில் இருந்தேன். 1980களில் கோட்டா என்றால் சம்பல் ஆறு, தரைக்குப் போடும் கோட்டாக் கல், ஜே.கே. சிந்தெடிக்ஸ் ஆலை, அனல் மின் நிலையம். அந்த ஆலையில் இன்ஜினீயராக இருந்த வினோத் குமார் பன்சல், தசைச் சிதைவு நோயால் நடக்க முடியாமல் போனபோது வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சில பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். அவரிடம் படித்தவர்கள் ஐ.ஐ.டி.யில் தேறினார்கள். 1990களில் ஆலை மூடப்பட்டது. ஊர் பயிற்சி நகரமானது. பன்சல் 2021-ல் காலமானார். ஒரு நல்ல ஆசிரியர் சில பிள்ளைகளோடு மேஜையைச் சுற்றி உட்கார்ந்ததில் தொடங்கியது இது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மேஜையை நான் குறை சொல்லவில்லை. அது ஆயிரக்கணக்கான படுக்கைகள் கொண்ட விடுதித் தெருக்களாகப் பெருகியபோது, ஆசிரியர் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது நின்றுபோயிற்று.

2023-ல் அந்த ஊரில் இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் தங்கள் உயிரைத் தாங்களே போக்கிக்கொண்டார்கள். விடுதி அறைகளில் பாதுகாப்புச் சாதனம் பொருத்தும்படி மாவட்ட நிர்வாகம் உத்தரவிட்டது. சாதனம் தேவைதான், ஒரு உயிரைக் காத்தாலும் அதற்கு மதிப்புண்டு. ஆனால் ஒரே இடத்தில் தண்டவாளம் அடுத்தடுத்து முறிந்தால் ஒவ்வொரு முறையும் இணைப்புத் தகடு போட்டுவிட்டுப் போகிறவன் இன்ஜினீயர் ஆகமாட்டான். எந்தப் பாரம், எத்தனை வண்டி, எத்தனை நாளாக பிளாக் இல்லை என்று பார்க்க வேண்டும். 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் பயிற்சி மையங்களில் சேர்க்கக் கூடாது என்கின்றன. ஆறாம் வகுப்பிலேயே 'ஃபவுண்டேஷன் கோர்ஸ்' தேடும் பெற்றோர் இதைப் படிக்க வேண்டும்.

எண்களையும் நேராகப் பார்ப்போம். 2024-ல் ஜே.இ.இ. மெயின் எழுதியவர்கள் 14 லட்சத்துக்கும் மேல். அதிலிருந்து வடிகட்டப்பட்டு அட்வான்ஸ்டு தேர்வின் இரு தாள்களையும் எழுதியவர்கள் 1,80,200 பேர். தேறியவர்கள் 48,248. எல்லா ஐ.ஐ.டி.களிலும் சேர்த்து இடங்கள் சுமார் 17,700. அட்வான்ஸ்டு எழுத அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு முறைதான் வாய்ப்பு. முயற்சி செய்ய வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தேறியவர்களிலேயே பெரும்பாலோருக்கு இடமில்லாத ஒரே ஒரு ஸ்டேஷனை மட்டும் குறித்து அட்டவணை போடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

லூப் லைன் வேண்டும்

எந்த ஸ்டேஷனிலும் மெயின் லைன் மட்டும் இருக்காது. பக்கத்தில் லூப் லைன் இருக்கும். லூப் லைனில் நிற்கும் வண்டி தோற்ற வண்டி அல்ல. அதுவும் ஊர் போய்ச் சேரும்.

வதோதராவில் ரயில்வேக்கென்றே கதி சக்தி விஸ்வவித்யாலயா 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகமாக நடக்கிறது, அங்கே பி.டெக். சேர ஜே.இ.இ. மெயின் போதும். ஆராய்ச்சியில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு ஐசர் கல்வி நிலையங்கள் தனி நுழைவுத் தேர்வு நடத்துகின்றன. டில்லிப் பல்கலைக்கழகத்துக்கு 2022 முதல் சி.யூ.இ.டி. இருக்கிறது, அங்கே பி.எஸ்சி. இயற்பியல் படிப்பது எந்த விதத்திலும் தாழ்ந்தது அல்ல. பத்தாம் வகுப்பு முடித்துப் பாலிடெக்னிக்கில் மூன்று ஆண்டு டிப்ளமோ படித்தால் ரயில்வேயில் ஜூனியர் இன்ஜினீயர் தேர்வு எழுதலாம். விரும்பினால் நேரடியாக இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டில் சேரலாம். நம்மவர்கள் டிப்ளமோ என்றால் முகம் சுளிக்கிறார்கள். நான் போட்ட பாதையில் இன்றும் ராஜதானி ஓடுகிறது. அது என் சர்ட்டிபிகேட்டைக் கேட்டுவிட்டு ஓடவில்லை.

இந்த வழிகளைப் பதினொன்றாம் வகுப்பின் தொடக்கத்திலேயே பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு காகிதத்தில் எழுதுங்கள். தோல்விக்குப் பிறகு சொன்னால் அது ஆறுதல் பரிசு போலக் கேட்கும். முதலிலேயே சொன்னால் அது வழித்தடம்.

என் யோசனைகள்

ஒன்று: கோச்சிங் வேண்டுமென்றால் ஒன்று போதும், அதுவும் வார இறுதி வகுப்பாக இருந்தால் நலம். பதினொன்றாம் வகுப்பின் முதல் ஆறு மாதங்களுக்கு ரேங்க் போடும் பரீட்சைகள் வேண்டாம். பத்தாம் வகுப்புக் கணக்கிலிருந்து பதினொன்றாம் வகுப்பு இயற்பியலுக்கு ஏறுவது பெரிய சரிவு. எந்த வண்டியும் ஏற்றத்தில் வேகம் குறையும். 95 வாங்கிய பிள்ளை முதல் பருவத்தில் 60 வாங்கினால் வீட்டில் ஒப்பாரி வைக்காதீர்கள்.

இரண்டு: பதினொன்றாம் வகுப்பை அலட்சியப்படுத்தாதீர்கள். போர்டுத் தேர்வு இல்லை என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். நுழைவுத் தேர்வில் ஏறக்குறையப் பாதிக் கேள்விகள் அந்த ஆண்டுப் பாடத்திலிருந்துதான் வருகின்றன.

மூன்று: வாரத்தில் அரை நாள், எந்தப் புத்தகமும் திறக்காத அரை நாள், அட்டவணையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நேரம் மிஞ்சினால் ஓய்வு என்றால் நேரம் என்றுமே மிஞ்சாது. மாதத்தில் ஒரு ஞாயிறு, விட்டுப்போனதைப் பிடிப்பதற்கு. தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறையவே கூடாது.

நான்கு: தமிழ். டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் பல தலைமுறைகளாக இந்த ஊரில் தமிழைக் காத்து வருகின்றன. இருந்தும் சயன்ஸ் என்றவுடன் முதலில் தூக்கியெறியப்படுவது தமிழ்தான். பள்ளியில் வசதி இருந்து, பிள்ளைக்கு எழுதப் படிக்க வருமானால் ஆறாவது பாடமாக வைத்துப் பாருங்கள். தேர்வு விதிப்படி, விருப்பப் பாடம் ஒன்றில் தவறினால் ஆறாவது பாடம் அதன் இடத்தை நிரப்பும். எழுத வராத பிள்ளை மீது அதைப் பரீட்சையாகச் சுமத்த வேண்டாம். ஞாயிறு காலை நம் சங்க நூலகத்துக்கு அனுப்புங்கள். ஒரு சிறுகதை படிக்கட்டும், பெரியவர்களோடு பேசட்டும். மார்க் இல்லாமல் ஒன்றைக் கற்றுக்கொள்வது என்றால் என்னவென்று அந்த வயதில் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

"உங்களுக்கு என்ன, பென்ஷன் வருகிறது, இன்றைய போட்டி உங்களுக்குத் தெரியாது" என்று சிலர் சொல்வார்கள். போட்டி கடுமையானது என்பதை நான் மறுக்கவில்லை. முழு நேரக் கோச்சிங்கில் படித்துத் தேறிய பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு என் பாராட்டு. போக்குவரத்து அதிகமான தடத்துக்குத்தான் பராமரிப்பு அதிகம் வேண்டும் என்பதே என் பதில். ஒரு நாளைக்கு இரண்டு வண்டி ஓடும் கிளைப் பாதை பிளாக் இல்லாமலும் ஓடிவிடும். நூறு வண்டி ஓடும் டில்லி-மும்பைப் பாதையால் முடியாது.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். பத்தாம் வகுப்பு முடிவு வந்த அடுத்த ஞாயிறு, நம் கூடத்தில் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். நம் உறுப்பினர்களில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், விஞ்ஞானிகள், மருத்துவர்கள் இருக்கிறார்கள். தற்போது கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், ஐ.ஐ.டி. கிடைத்தவர்களோடு கிடைக்காதவர்களையும் கட்டாயம் அழையுங்கள். பெற்றோர் நிரப்பாத படிவத்தோடு வரட்டும், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. முதல் ஒரு மணி நேரம் பிள்ளைகள் மட்டும் பேசட்டும். பெற்றோர் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். காபி, பஜ்ஜிச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

என் மாப்பிள்ளையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் தன் வாதத்தைச் சொல்லட்டும், நான் என் வாதத்தைச் சொல்கிறேன். முடிவைப் பேத்தி எழுதட்டும். பேனா அவள் கையில் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.